ராக்கன் அமுக்கிய பொத்தான்

என் மாமனார் ராக்கன் பொத்தானை அமுக்கினேன் என்றார். கோட்டைப்பட்டினம் படகுச் சங்கத்து கம்ப்யூட்டர் அப்படி எதுவும் வரவில்லை என்றது. ஊர் மொத்தமும் கம்ப்யூட்டர் பக்கம் நின்றது. என் வீட்டுக்காரர் அரவிந்த்குமார், அவர் பெற்ற பிள்ளை, அவரும் அந்தப் பக்கமே போய் நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டுத் தரவில்லை.

விஷயம் இதுதான். சங்கத்தில் சேர்ந்த நாட்டுப்படகு ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு பெட்டி உண்டு. கடலில் ஆபத்தென்றால் அதை அமுக்க வேண்டும். கரையில் சங்க அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு சிக்னல் வரும், சைரன் அலறும், எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று ஸ்கிரீனில் தெரியும். மாமா ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகத் தொழிலுக்குப் போனார். கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல். செல்போன் எட்டாத தூரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கினார். யாரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினார். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. வெயிலில் காய்ந்து கிடந்தவரைப் பொழுது சாயும் நேரத்தில் ஜெகதாப்பட்டினத்துப் படகு ஒன்று பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்தது.

மறுநாள் சங்கத் தலைவர் பழனிச்சாமி முன்னால் அந்தப் பெட்டியைச் சோதித்தார்கள். அறை நிறைய ஆள். ஒருத்தர் மவுஸைத் தட்ட, ஒருத்தர் ஸ்கிரீனைக் காட்ட, வாசலில் நின்று மாமா பொத்தானை அமுக்கினார். ஒரே அமுக்கில் சைரன் அலறியது. பழனிச்சாமி சிரித்துக்கொண்டே, “பெட்டி நல்லாத்தானப்பா இருக்கு. பதட்டத்துல அமுக்காமலே அமுக்குனதா நெனச்சிருப்ப. வயசாவுதுல்ல” என்றாராம். இதற்கு முன்னாலும் நாட்டுப்படகுக்காரர்கள் இரண்டு பேர் இதே புகாரைச் சொல்லியிருக்கிறார்கள். விசைப்படகுக்காரர்கள் யாரும் சொன்னதில்லை. அதனால் நாட்டுப்படகுக்காரனுக்குப் பொத்தான் அமுக்கத் தெரியாது என்று கோட்டைப்பட்டினத்தில் ஒரு முடிவே கட்டிவிட்டார்கள்.

அரவிந்த் அதைப் பிடித்துக்கொண்டார். அப்பா இனிமேல் கடலுக்குப் போக வேண்டாம், படகைக் கொடுத்துவிடலாம் என்று ஒரே பிடி. ஜெகதாப்பட்டினத்தில் ஆள் பார்த்து, பேசி முடித்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து படகை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடும் செய்துவிட்டார். மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை ஆவுடையாள் மட்டும் போனில் என்னிடம், “சாப்பாடே எறங்க மாட்டேங்குது ஒங்க மாமாவுக்கு. கடலுக்குப் போகாத மனுசன் வீட்டுல என்னத்தச் செய்வாரு?” என்று அழுதார்.

நான் இளமதி. கீரனூர்க்காரி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அரவிந்த் தினமும் திருச்சிக்கு பஸ் ஏறுகிறார். என் வேலை கெர்னல். கம்ப்யூட்டரில் நீங்கள் பார்க்கும் படமும் எழுத்தும் எல்லாம் மேலே இருப்பவை. அடியில், ப்ராசஸரோடு நேராகப் பேசி, அதை வேலை வாங்கி, வேலை இல்லாதபோது தூங்க வைத்து, வேலை வந்தால் எழுப்புகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் கெர்னல். உலகம் பூராவும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதுவது. அதில் பிழை என்றால் நாள்கணக்காகப் பிழைதிருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜாதி நான். ‘நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா நின்னு போச்சு’ என்று யாராவது எழுதினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று பத்து வருஷத்து வேலையில் பார்த்துவிட்டேன்.

மாமா சொன்னதையும் நான் அப்படித்தான் கேட்டேன். அமுக்கினேன் என்றால் அமுக்கினார். அப்படியானால் பிழை கரையில் இருக்கிறது. கண்டுபிடித்தால் படகு மிஞ்சும், வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் என் கணக்கு.

சங்க அறையைப் பார்த்துக்கொள்வது ரகமத் நிஷா என்கிற பெண். அவளிடம் கேட்டு, கீரனூரிலிருந்தே அந்த கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். செவ்வாய் முழுக்கப் பார்த்தேன். சோறு அடிப்பிடித்தது, என் ஆபீஸ் மீட்டிங்கில் நான் ஊமையாக இருந்தேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்க எனக்கு வராது. ஏதாவது தட்டிக்கொண்டே, கேட்டுக்கொண்டே, பார்த்துக்கொண்டே இருந்தேன். கரையில் கட்டிக் கிடந்த படகுகளிலிருந்து நிஷா ஆள் விட்டு அவ்வப்போது பொத்தானை அமுக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சைரன் ஒழுங்காக அலறியது. சனியன், ஒரு தடவைகூடத் தவறவில்லை.

“இப்பவாச்சும் ஒத்துக்குறியா?” என்றார் அரவிந்த், டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுக்கொண்டே. “எங்கப்பா பொய் சொன்னாருன்னு நான் சொல்லல. அவருக்கே தெரியாம நடந்திருக்கும். ஒனக்கு மெஷின்ல குத்தம் கண்டுபுடிக்கலன்னா தூக்கம் வராது.”

“ஒங்களுக்கு அப்பாகிட்ட குத்தம் கண்டுபுடிக்கலன்னா தூக்கம் வராதா?” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்குப் பயம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், சேதி கேட்டு ஓடிப்போய்க் கடற்கரையில் நின்ற ஆள் அவர். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

புதன்கிழமை காலையில், வேறு ஒன்றும் தோன்றாமல், அந்த ப்ராசஸர் எவ்வளவு நேரம் தூங்கியது என்ற கணக்கை எடுத்துப் பார்த்தேன். கெர்னல் அதை எண்ணி வைக்கும். வேலை இல்லாத ப்ராசஸர் முதலில் கண் அயரும், அப்புறம் அரைத் தூக்கம், நெடுநேரம் யாரும் கூப்பிடவில்லையென்றால் ஆழ்ந்த தூக்கம். கரண்டு மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடு. நான் உள்ளே உட்கார்ந்திருந்த ஞாயிறும் செவ்வாயும் ஆழ்ந்த தூக்கம் சைபர். ஒரு தடவைகூட இல்லை. அதற்கு முன்னால் நான் நுழையாத வியாழன், வெள்ளியில் ஆழ்ந்த தூக்கம் எக்கச்சக்கம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்ததே அதைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. தூங்கும்போது மட்டும் காது கேட்காத ஒருத்தனை உலுக்கி உலுக்கி, காது கேட்குதா கேட்குதா என்று இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் எல்லாம் வரிசையாக விளங்கியது. எங்கள் கடற்கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இரண்டும் ஒரே நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பது கட்டுப்பாடு. விசைப்படகில் இருக்கும் பெரிய கருவி தான் நிற்கும் இடத்தைச் சொல்லிச் சொல்லி ஓயாமல் சிக்னல் அனுப்பும். அந்த நாட்களில் கரை கம்ப்யூட்டருக்குக் கண் அயரக்கூட நேரமில்லை. நாட்டுப்படகுப் பெட்டியோ பொத்தானை அமுக்கினால்தான் வாய் திறக்கும். அந்த நாட்களில் அறையில் சத்தமே இல்லை, கம்ப்யூட்டர் நிம்மதியாக ஆழ்ந்து தூங்குகிறது. மாமா அமுக்கியது அந்தத் தூக்கத்தில். நாட்டுப்படகுக்காரர்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஊரே கேட்டது, ஆனால் பதிலை ஆளிடம் தேடியது, கிழமையிடம் தேடவில்லை.

ப்ராசஸரின் கையேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகுமுன், எந்தெந்த வயரில் சிக்னல் வந்தால் எழுப்ப வேண்டும் என்று கெர்னல் ஒரு காவல் வைக்கும். இந்தச் சிப்பின் பழைய ரகத்தில் சிக்னல் வாங்கும் வயருக்கு ஒரு எண். சங்கத்து கம்ப்யூட்டரில் இருக்கும் புது ரகத்தில் எண் மாறியிருக்கிறது. கெர்னல் பழைய எண்ணுக்கே காவல் வைத்திருந்தது. கீபோர்டு, மவுஸ், இன்டர்நெட் வயர்களுக்கு எண் மாறவில்லை. அதனால் யாராவது தொட்டால் அது உடனே எழுந்துவிடும், ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. எழுதிவிட்டேன். ஆனால் என் ஊகம் சரியென்று நிரூபிக்க, யாரும் தொடாமல் அது தூங்க வேண்டும், கடலிலிருந்து பொத்தான் அமுக்கப்பட வேண்டும், ஊர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மறுநாள் வியாழன், நாட்டுப்படகு நாள். அதற்கு அடுத்த நாள் படகு போய்விடும்.

மாமாவுக்குப் போன் செய்தேன். விளக்கியதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. “நாளைக்கு நீங்க கடலுக்குப் போகணும் மாமா. ஆளு ஒருத்தரக் கூட்டிக்கிட்டு, ரொம்பத் தூரம் போகாம. வலைய இழுக்குற ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்குங்க” என்றேன். “சரித்தா, போறேன்” என்றார்.

அரவிந்த் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். விடிந்ததும் கீரனூரில் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, அறந்தாங்கி பஸ் பிடித்து, அங்கிருந்து கோட்டைப்பட்டினம். வழியெல்லாம் நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு தடவை என் கையைப் பிடித்து, “கொஞ்ச நேரம் சும்மா இரேன்” என்றார். இரண்டு நிமிஷம் இருந்தேன்.

சங்க அறையில் நான் கொண்டு போன இன்னொரு சின்ன கம்ப்யூட்டரை அங்கே ஏற்கெனவே இருந்த பழையதற்குப் பக்கத்தில் வைத்து, அதே ஆன்டெனாவிலிருந்து அதற்கும் ஒரு வயர் கொடுத்தேன். இது தூங்கவே கூடாது என்று கட்டளை போட்டு வைத்திருந்தேன். சிக்னல் வந்தால் இதில் பச்சை விளக்கு எரியும். பழையதில் சைரன் அலற வேண்டும். பழனிச்சாமியும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார், அது எனக்கு எரிச்சல்.

“யாரும் அதைத் தொடக் கூடாது. நிஷா, நீயும்தான்” என்றேன்.

“நான் தொடமாட்டேன்க்கா. நீங்க தொடாம இருக்கீங்களான்னு நான் பாக்குறேன்” என்றாள் நிஷா.

சரியாகத்தான் சொன்னாள். ஸ்கிரீன் இருண்டதும் எனக்குக் கை பரபரத்தது. செத்துவிட்டதா, தூங்குகிறதா, ஒரே ஒரு தட்டு தட்டிப் பார்த்தால் என்ன? எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலுக்குப் போனேன், மீன் லாரி போவதைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். என்னை அறியாமல் கை மவுஸ் பக்கம் போனபோது நிஷா ஒரு ஸ்கேலால் என் விரலில் பட்டென்று அடித்தாள். அரவிந்த் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா கடலில் இருக்கிறார், இங்கே காது கேட்காத ஒன்றை வேண்டுமென்றே தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட ஆள் இருக்கிறது, அக்கம்பக்கம் படகும் இருக்கிறது, ஆனாலும் மணியைப் பார்த்தபடியே இருந்தேன். டீ வந்தது, ஆறிப்போனது.

பச்சை விளக்கு எரிந்தது.

எல்லோரும் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தோம். சைரன் இல்லை. ஸ்கிரீன் இருட்டாகவே இருந்தது. மறுபடி பச்சை எரிந்தது. மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை எரிந்தபோது பழனிச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“இது ராக்கன் படகுதானா?” என்றார்.

சின்ன கம்ப்யூட்டரில் படகு எண்ணைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார், திரும்ப உட்கார்ந்தார். அரவிந்த் எதையும் படிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினேன். ஸ்கிரீன் பளிச்சென்று விழித்து, ‘புதிய சிக்னல் எதுவும் இல்லை’ என்று காட்டியது. எனக்கு அதைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

திருத்திய கெர்னலை ஏற்றினேன். மறுபடி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஸ்கிரீன் இருண்டு, ஆழ்ந்த தூக்கத்துக்கு வேண்டிய நேரமும் போனது. பச்சை விளக்கு எரிந்த அதே கணம் சைரன் அறை அதிர அலறியது. நிஷா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. அரவிந்த் வெளியே போய் நின்று ஜெகதாப்பட்டினத்துக்காரருக்குப் போன் போட்டார். படகு இல்லை, மன்னிச்சுக்குங்க, ஏற்பாட்டை விட்டுருங்க என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் அந்த நேரத்தில் நான் எதுவும் ஆசைப்படவில்லை.

மாமா கரைக்கு வந்ததும் பழனிச்சாமியே எதிர்கொண்டு போய், “ராக்கா, தப்பு எங்க மேலதான்யா. மெசினு தூங்கிருச்சு” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வலையை உதறி, மீனைக் கூடையில் அள்ளி, படகை அலம்பினார். கூட்டம் கலைந்த பிறகு அரவிந்த் கிட்டே போனார்.

“அப்பா, அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க பாட்டுக்குத் தொழிலுக்குப் போங்க.”

“எதுக்கு வேணாம்ன? நாளைக்கு வந்து எடுத்துக்கட்டும். நான் பேசிக்கிறேன்.”

“அதான் தெரிஞ்சு போச்சேப்பா, நீங்க அமுக்குனீங்கன்னு.”

“ஒனக்கு இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நான் குறுக்கே விழுந்தேன். “மாமா, இதுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன். படகு போகக் கூடாதுன்னுதானே.”

அவர் அலம்பிய வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். “ஆத்தா, நடுக்கடல்ல கெடந்தப்ப நான் பயப்படல. எவனாவது வருவான், இல்லாட்டி எங்கிட்டாவது ஒதுங்குவோம்னு இருந்தேன். கரைக்கு வந்து அமுக்குனேன்னு சொன்னேன் பாரு, அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியப் பாக்கல. அந்தப் பொட்டியத் திரும்பிப் பாத்தாங்க. இவனும்தான். அப்பவே விட்டுப்போச்சுத்தா. அதுக்கப்பறம் கடல் மேல ஆசையில்ல.”

“அப்ப இன்னைக்கு ஏன் போனீங்க?”

“அடுத்து எவனாவது அமுக்குனா சைரன் ஊதணும்ல? அதுக்குத்தான். நீ கேட்டங்கிறதுக்காகவும்தான்.”

அரவிந்த் மணலில் குந்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டார். மாமா பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார், நெடுநேரம். ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஜெகதாப்பட்டினத்துக்காரர் வந்தார். மாமாவே இன்ஜினைக் கிளப்பிக் காட்டி, பெட்டியில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்து, படகைத் தள்ளி விட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தை அனுப்பும்போது, பிழையை முதலில் சொன்னவர் யாரென்று கீழே அவர் பெயரைப் போடுவோம். போடுமுன் அவர் சம்மதம் கேட்க வேண்டும். மாமாவிடம் போனில் கேட்டேன். “உண்மைதான, போட்டுக்க” என்றார். ராக்கன், கோட்டைப்பட்டினம் என்று போட்டு அனுப்பினேன். ப்ராசஸர் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் எங்கோ குளிர் தேசத்தில் இருக்கிறார், நான் பார்த்ததில்லை. இரண்டு நாளில் பதில் போட்டார். நல்ல திருத்தம், இந்தச் சிப்பை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது போய்ச் சேரும், ஓரிடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கடைசியில், வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதையே கேட்டிருந்தார். பிழையை முதலில் சொன்னவரே இதையும் ஒருமுறை சோதித்துச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரு பதிலும் வழக்கத்தில் இருக்கிறது. நானே பலருக்கு அதை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வரியை அடிக்க எனக்குக் காலை முழுவதும் ஆனது. கை கீபோர்டில் அசையாமல் கிடந்தது. அரவிந்த் பஸ்ஸுக்குப் புறப்படாமல் என் பின்னால் வந்து நின்று, நான் அடிப்பதைப் படித்துக்கொண்டிருந்தார்.

‘பிழையைச் சொன்னவரிடம் இப்போது அந்தச் சாதனம் இல்லை.’